வேலையை விட்டுட்டு விவசாயமா? 1975-ல் வந்த ஒரு டிவி காமெடியில் யாரும் கவனிக்காத கணக்கு



இந்த வாரம் ஷேரும் இல்லை, மியூச்சுவல் ஃபண்டும் இல்லை. நம்ம ஊர்ப் பக்கம் பெரும்பாலும் யாரும் பார்த்திருக்காத ஒரு பிரிட்டிஷ் காமெடி சீரியலைப் பத்திப் பேசப் போறோம். சீரியலுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு.

ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி பக்கமிருந்து படிச்சு வந்து சென்னை, பெங்களூர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பசங்க நிறையப் பேர் இருக்கோம். அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ ஊரில் ரெண்டு, மூணு ஏக்கர் புஞ்சை கிடக்கும். பாதி நிலத்தில் சீமைக் கருவேலம். இங்கே மேனேஜர் தொல்லை, டிராஃபிக், வாடகை. ராத்திரி மொபைலை எடுத்தா, "ஐடி வேலையை விட்டேன், இன்னைக்கு ஏக்கருக்கு லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறேன்" என்று ஒருத்தர் தோட்டத்தில் நின்னு சிரிக்கிறார். மனசு கிளம்பிடுது.

அந்த மனசு தப்பே இல்லை. ஆனா ராஜினாமா கடிதம் டைப் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கதையைக் கேளுங்க.

40 வயசு, ராஜினாமா, ஒரு ஆடு, சில கோழிகள்

சீரியலின் பெயர் 'தி குட் லைஃப்'. பிபிசியில் 1975 ஏப்ரல் 4-ம் தேதி ஆரம்பிச்சுது. எழுதினது ஜான் எஸ்மாண்ட், பாப் லார்பி என்ற ரெட்டை எழுத்தாளர்கள். 1978 ஜூன் வரை மொத்தம் 30 எபிசோடு.

கதாநாயகன் பெயர் டாம் குட். காலை உணவு தானியப் பாக்கெட்டுக்குள் இலவசமா போடுவாங்களே பிளாஸ்டிக் பொம்மை, அதை வரைஞ்சு கொடுக்கிறதுதான் அவருக்கு வேலை. 40-வது பிறந்தநாள் அன்னைக்கு அவருக்குத் தோணுது: 'இதுக்காகவா நான் பிறந்தேன்?' வேலையை விட்டுடறார். லண்டன் பக்கத்தில் சர்பிட்டன் என்ற நடுத்தரவர்க்க ஏரியாவில் இருக்கிற தன் வீட்டுத் தோட்டத்தையே உழுது காய்கறி போடுறார். ஆடு, கோழி, பன்றி எல்லாம் வீட்டுக்கு வருது. சாணத்தில் இருந்து கேஸ் எடுத்து மின்சாரம், துணியும் சொந்தத் தயாரிப்பு. மனைவி பார்பரா முணுமுணுத்துக்கிட்டே கூட நிற்கிறார்.

பார்பராவா நடிச்சவர் ஃபெலிசிட்டி கெண்டல். அவருக்கு இந்தியா புதுசில்லை. சின்ன வயசில் அப்பாவுடைய நாடகக் குழுவோடு இந்தியா முழுக்கச் சுத்தினவர். 1965-ல் வந்த 'ஷேக்ஸ்பியர் வாலா' படத்தில் நடிச்சவர். அவருடைய அக்கா ஜெனிஃபர்தான் நடிகர் சசி கபூரின் மனைவி.

பக்கத்து வீட்டில் ஜெர்ரி, மார்கோ தம்பதி. ஜெர்ரி, டாம் விட்டுட்டு வந்த அதே கம்பெனியில் மேனேஜர். அவர் வேலையை விடலை. தினமும் டை கட்டிக்கிட்டு ஆபீஸ் போவார். வேலிக்கு இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் சோஃபா. காமெடியே அதுதான்.

சீரியல் வந்த நேரத்தையும் கவனிங்க. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் விலைவாசி பயங்கரமா ஏறிக்கிட்டு இருந்தது. 1975-ல் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தொட்டது. சம்பளம் வாங்கின எல்லாருக்கும் 'இந்த ஓட்டம் எதுக்கு?' என்ற கேள்வி இருந்திருக்கும். டாம் அவங்க சார்பில் வேலையை விட்டார். அவங்க சோஃபாவில் உட்கார்ந்து பார்த்துச் சிரிச்சாங்க.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். கதையின் தொடக்கத்திலேயே ஒரு சின்ன விவரம் வருது. டாமுடைய வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சு. வீடு முழுசா அவருடையது. வாடகை இல்லை, இஎம்ஐ இல்லை. பிள்ளைகளும் இல்லாததால் ஸ்கூல் ஃபீஸ் இல்லை.

30 எபிசோடும் அந்த ஒரு விவரத்து மேலதான் நிற்குது. அதை எடுத்துட்டா ரெண்டாவது மாசமே பேங்க் நோட்டீஸ் வந்து சீரியல் முடிஞ்சிருக்கும். டாம் விவசாயத்தை நம்பி மட்டும் வேலையை விடலை. அவருக்கு முன்னாடி பல வருஷம் வந்த சம்பளம் வீடா மாறி அவருக்குக் கீழே நின்னது. ஆட்டையும் பன்றியையும் பார்த்தவங்க அதைக் கவனிக்கலை.

அதே 1975, நம்ம ஊரில்

அதே வருஷம் இங்கேயும் டிவியில் விவசாயம் வந்தது. ஆனா சிரிக்க வைக்க வரலை.

டெல்லி தூர்தர்ஷனில் 'கிருஷி தர்ஷன்' 1967 ஜனவரி 26-லேயே ஆரம்பிச்சுட்டாங்க. டெல்லியைச் சுத்தி இருந்த 80 கிராமங்களில் பொது டிவி வச்சு விவசாயிகளைப் பார்க்க வச்சாங்க. 1975 ஆகஸ்ட் 1-ல் இருந்து ஒரு வருஷம், நாசாவின் செயற்கைக்கோள் மூலமா ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி நிகழ்ச்சிகள் போச்சு. அதே ஆகஸ்ட் 15-ம் தேதி சென்னைத் தொலைக்காட்சி பிறந்தது. அதில் வந்ததுதான் 'வயலும் வாழ்வும்'.

உங்க அப்பா, அம்மாகிட்ட இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க. முதலில் சிரிப்பாங்க. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வந்தா தெருவே டிவி முன்னாடி இருக்கும். 'வயலும் வாழ்வும்' வந்தா எழுந்து போயிடுவாங்க. போரடிக்கிற நிகழ்ச்சிக்கு அதுவே பட்டப்பெயர் மாதிரி ஆயிடுச்சு. ஒரு வேளாண்மை அதிகாரி, ஒரு விவசாயி, நடுவில் ஒரு மைக். எந்த ரகம், எத்தனை கிலோ விதை, எந்த மருந்து, எப்போ தெளிக்கணும். முடிஞ்சது.

ஆனா போரடிக்கிற விஷயத்துக்கு ஒரு பலம் இருக்கு. 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி நிலையம் அவ்வளவு சொல்லிச் சொல்லிப் பரப்பினதால், விவசாயிகள் அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வச்சாங்க. பிரிட்டனிலும் இதே கதைதான். 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற பிபிசி வானொலி நாடகம் 1951-ல் நாடு முழுக்க ஆரம்பிச்சப்போ, போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்கணும் என்ற நோக்கமும் அதுக்குப் பின்னாடி இருந்தது. குடும்பக் கதைக்கு நடுவே விவசாயத் தகவலும் போகும். அது இன்னைக்கும் ஓடுது.

நம்ம கடற்கரைக்குத் தூர்தர்ஷன் தெளிவா வர்றதுக்கு முன்னாடி, 1980களில் உயரமா ஆன்டெனா நட்டு இலங்கையின் ரூபவாஹினி பார்த்த வீடுகள் உண்டு. ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஆரம்பிச்சது. பிறகு ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனுக்காகப் பிரமாண்டமான கோபுரம் எழும்பியது. 323 மீட்டர் உயரம். இந்தியாவின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரங்களில் அது ஒன்று. கோயிலுக்குப் போனப்போ நீங்களும் பார்த்திருப்பீங்க.

அப்புறம் கேபிள், டிஷ், மொபைல் எல்லாம் வந்துருச்சு. 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்கத் தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிட்டாங்க. விவசாயத்துக்குன்னு 2015 மே மாசம் 'டிடி கிசான்' தனிச் சேனலாவே வந்தது. ஆனா சம்பளம் வாங்குற நம்ம தலைமுறை அதைத் தேடிப் பார்க்கிறதில்லை.

போரடிச்ச அந்த அதிகாரி, "இந்த ரகம் போட்டா லட்சாதிபதி ஆவீங்க" என்று சொன்னதில்லை. விதை அளவையும் மருந்து அளவையும் சொன்னார். செலவு எங்கே வருதுன்னு காட்டினார். இன்னைக்கு ரீல்ஸில் காணாமல் போனது அதுதான்.

ஆயிரம் ஏக்கர், லாபம் 144 பவுண்டு

ரீல்ஸை விட நேர்மையா ஒரு காமெடி சமீபத்தில் வந்தது. அதுவும் பிரிட்டனில் இருந்துதான். கார் நிகழ்ச்சி நடத்திப் பிரபலமான ஜெரமி கிளார்க்சன், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தனக்கு இருக்கிற சுமார் ஆயிரம் ஏக்கர் நிலத்தைத் தானே விவசாயம் பண்ண இறங்கினார். 2021 ஜூனில் அமேசான் பிரைமில் 'கிளார்க்சன்ஸ் ஃபார்ம்' வெளியானது. பெரிய டிராக்டர் வாங்கினார். ஆடு மேய்ச்சார். விதைப்பு நேரத்தில் விடாத மழை, பிறகு வறட்சி, நடுவில் கொரோனா.

முதல் வருஷ முடிவில் கணக்குப் பார்க்கிறவர் வந்து லாபத்தைச் சொல்றார்: 144 பவுண்டு. நம்ம பணத்தில் அப்போ சுமார் 15,000 ரூபாய். ஆயிரம் ஏக்கருக்கு, ஒரு வருஷத்துக்கு!

அவர் சிரிச்சுட்டு அடுத்த வருஷத்துக்குப் போயிட்டார். ஏன்னா அவருக்கு வருமானம் கொடுத்தது கோதுமை இல்லை, கேமரா.

டாமுக்குப் பின்னாடி கடன் முடிஞ்ச வீடு. கிளார்க்சனுக்குப் பின்னாடி டிவி பணம். ரீல்ஸில் சிரிக்கிறவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. வ்யூஸ் வருமானமா இருக்கலாம், நாற்று விற்பனையா இருக்கலாம், மனைவியின் சம்பளமா இருக்கலாம், ஏற்கெனவே சேர்த்த பணமா இருக்கலாம். தப்பு எதுவும் இல்லை. ஆனா அந்தப் பின்னணி நம்மகிட்ட இல்லாம, அவர் முன்னாடி நிற்கிற தோட்டத்தை மட்டும் காப்பியடிக்க முடியாது.

தண்ணியில்லாக் காட்டின் கேஷ் ஃப்ளோ

இப்போ நம்ம மண்ணுக்கு வருவோம். பிடிக்காத அதிகாரியைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தணும்னா ராமநாதபுரத்துக்குன்னு சொல்வாங்க. இங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லி மீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துடும். மிச்ச மாசமெல்லாம் வானத்தைப் பார்க்கணும்.

இந்த ஊரில் பிழைச்சவங்க மழையை நேரா நம்பலை. கண்மாய் வெட்டினாங்க. மூணு மாச மழையைத் தேக்கி மத்த மாசங்களுக்கு வச்சுக்கிட்டாங்க. கண்மாய் இல்லாத இடத்தில் மானாவாரி. ஒரு வருஷம் விளையும், ஒரு வருஷம் காயும்.

நம்ம மாவட்டத்தின் பெருமை குண்டு மிளகாய். 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைச்சது. அதை எடுத்துக்கலாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைச்சா, தை கடைசியில் இருந்து சித்திரை வரைக்கும் பறிப்பு. பறிச்சுக் காயவச்சு, தரம் பிரிச்சுச் சந்தைக்குக் கொண்டு போனாதான் காசு. அதாவது பணம் வர்றது மூணு, நாலு மாசம். செலவு பன்னிரண்டு மாசமும். மாசம் 1-ம் தேதி எஸ்எம்எஸ் வந்து பழகின நமக்கு இது வேற உலகம்.

விலையும் நம்ம கையில் இல்லை. நெல்லுக்கு அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்குது. மிளகாய் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாருக்கும் விளைஞ்சா விலை விழும். விலை ஏறின வருஷம் உங்க காட்டில் விளையாம இருக்கும்.

அதனால என் கட்சி இதுதான். விவசாயத்துக்குப் போகணும்னு நினைச்சா முதலில் வெட்ட வேண்டியது பணக் கண்மாய். இப்போ மாசாமாசம் பெய்யுற சம்பள மழையை அதில் தேக்குங்க. டாம் குட்டுக்கு அந்தக் கண்மாய் வீடு. உங்களுக்கு எதுன்னு தெரியாம மடையைத் திறக்காதீங்க.

போட்டுப் பார்க்க வேண்டிய ஐந்து கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது" என்று நம்ம பெரியவங்க சொல்வாங்க. நிறையப் பேர் இதை 'கணக்கே பார்க்காதே' என்று புரிஞ்சுக்கிறாங்க. உழக்கு மிஞ்சாதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, சாப்பாட்டுக்கு வேற வழி பண்ணி வச்சுக்கலாமே! அதுக்குத்தான் கணக்கு.

1. கண்மாயின் அளவு. உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. ஊருக்குப் போன பிறகு வீட்டுச் செலவு மாசம் 25,000 ரூபாய்னு வைங்க. வருஷத்துக்கு 3 லட்சம். ஒரு மழை பொய்க்கும்னு எடுத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு 6 லட்சம். ஒரு சாகுபடிக்கு 1 லட்சம்னா ரெண்டு சாகுபடிக்கு 2 லட்சம். ஆக மொத்தம் 8 லட்சம் கையில் இருக்கணும். மாசம் 12,000 ரூபாய் ஆர்டியில் போட்டு 6.5 சதவீத வட்டி கிடைச்சா, ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவா ஆகும். வட்டிக்கு வரி தனி. இந்தப் பணத்தை முழுசா ஷேரில் போடாதீங்க. மழை பொய்க்கிற வருஷமே மார்க்கெட்டும் விழுந்தா ரெண்டு பக்கமும் அடி. பர்சனல் லோன், கார் லோன் பாக்கி இருந்தா, முதலில் அதை முடிங்க.

2. உங்க உழைப்புக்கும் கூலி. விற்ற பணத்தில் செலவைக் கழிச்சா லாபம்னு நினைப்போம். 1,80,000-க்கு வித்தோம், கையில் இருந்து 1,10,000 போச்சு, லாபம் 70,000-ன்னு வைங்க. நீங்களும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து 150 நாள் வேலை பார்த்திருக்கீங்க. அதே வேலைக்கு வெளியாள் வச்சா நாளுக்கு 500 ரூபாய்னா 75,000. இப்போ 5,000 நஷ்டம். மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையமே இப்படித்தான் பிரிச்சுப் பார்க்குது. கையில் இருந்து போன செலவை 'ஏ2' என்பாங்க. குடும்ப உழைப்பைச் சேர்த்தா 'ஏ2 பிளஸ் எஃப்எல்'. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தா 'சி2'. யாராவது "ஏக்கருக்கு இவ்வளவு லாபம்" என்று சொன்னா, இந்த மூணில் எதைக் கழிச்சுச் சொல்றார்னு கேளுங்க.

3. வேலையோடு சேர்ந்து போறவை. கம்பெனி கொடுத்த குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டதும் நின்னுடும். அப்பா, அம்மாவுக்கு 60 வயசுக்கு மேல் புது பாலிசி எடுக்கப் போனா பிரீமியமும் காத்திருப்புக் காலமும் தலை சுத்த வைக்கும். வேலையில் இருக்கும்போதே சொந்த பாலிசி எடுங்க. பிஎஃப் பணத்தை ஐந்து வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரி வரும். கிராஜுவிட்டிக்கு இன்னும் எத்தனை மாசம் பாக்கின்னு பாருங்க. நாலு மாசம் பொறுத்தா ஒரு சாகுபடிச் செலவு கிடைக்கலாம்.

4. கடனும் காப்பீடும். கிரெடிட் கார்டில் உரம் வாங்கக் கூடாது. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. ஒழுங்கா கட்டினா 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிட்டா வட்டியே இல்லை. பயிர்க் காப்பீட்டில் ராபி பருவ நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம் வரை. கடைசித் தேதிக்குள் பதிவு பண்ணணும். மழை பொய்ச்ச பிறகு ஓடி பிரயோஜனம் இல்லை.

5. வரி. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனா நீங்க சம்பளமும் வாங்குறீங்க. விவசாய நிகர வருமானம் வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, சம்பளம் அடிப்படை விலக்கு வரம்பையும் தாண்டினா, உங்க வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பாங்க. அப்போ ஐடிஆர்-1 ஃபாரமும் போட முடியாது. தானா வளர்ந்த சீமைக் கருவேலத்தை வெட்டி வித்த பணம் விவசாய வருமானம் ஆகாது. மனுஷன் உழைச்சு வளர்த்தாதான் விவசாயம் என்பது 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம். நிலத்தைச் சோலார் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு வர்ற பணமும் அப்படித்தான். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்த பிறகு நம்ம பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வருது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் தர்ற பிஎம் கிசான் திட்டம், போன கணக்காண்டில் வருமான வரி கட்டினவங்களுக்குக் கிடையாது. உங்க பெயரில் நிலம் இருந்து நீங்க வரி கட்டினா, அதை வாங்காதீங்க. பிறகு திருப்பிக் கட்டச் சொல்வாங்க.

அப்போ நிலத்தை என்னதான் பண்றது?

"இவ்வளவு சொல்லிப் பயமுறுத்தினா, நிலத்தைத் தரிசாவே போடணுமா?" என்று கேட்பீங்க. இல்லை. ஜெர்ரியா இருந்துக்கிட்டே டாம் வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம். சீரியலில் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலி நமக்கு இருக்கணும்னு அவசியம் இல்லை.

முதல் வேலை, பேப்பர். பட்டா இன்னும் தாத்தா பெயரில் கூட்டா இருக்கா? பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் பங்கு பிரிச்சாச்சா? அடுத்த பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் கூடும்போது உட்கார்ந்து பேசுங்க. பேச வேண்டிய பெரியவங்க இருக்கும்போதே பேசிடணும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இன்னைக்கு ஆன்லைனில் பார்க்கலாம். பங்கு பிரியாத நிலத்தில் போர் போட்டு, வேலி போட்டு, பிறகு பங்காளிச் சண்டையில் கோர்ட்டுக்குப் போனா, அதை எந்த மிளகாய் விலையும் ஈடுகட்டாது.

ரெண்டாவது, ஒரே ஒரு ஏக்கர். மூணு ஏக்கரையும் ஒரே வருஷத்தில் சுத்தம் பண்ணாதீங்க. ஒரு ஏக்கரில் கருவேலத்தை வேரோடு எடுங்க. மண் பரிசோதனை பண்ணுங்க. கடற்கரைப் பக்கம் உப்புத் தண்ணி பெரிய பிரச்சினை, போர் போடுறதுக்கு முன்னாடி தண்ணியின் உவர்ப்பைப் பாருங்க. இதுக்கெல்லாம் ரீல்ஸ் வேண்டாம். ராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு. பரமக்குடியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மானாவாரிக்கு ஏத்த அண்ணா 4 நெல் ரகம் அங்கே உருவானதுதான். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டருக்கு இலவசமா போன் பண்ணி, தமிழிலேயே கேட்கலாம். 'உழவன்' செயலியில் சந்தை விலை பார்க்கலாம். 'வயலும் வாழ்வும்' அதிகாரி இப்போ இங்கேதான் உட்கார்ந்திருக்கார். இன்னைக்கும் போரடிப்பார். ஆனா பணம் கேட்க மாட்டார்.

மூணாவது, ஒரு நோட்டு. அப்பாகிட்ட "செலவு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டா, "என்னப்பா பெரிய செலவு, பார்த்துக்கலாம்" என்பார். அதை விடாதீங்க. உழவு, விதை, களையெடுப்பு, பறிப்புக் கூலி, சாக்கு, வண்டி வாடகை, நீங்க ஊருக்குப் போய் வந்த ரயில் டிக்கெட் உட்பட எல்லாத்தையும் எழுதுங்க. ரெண்டு மழைக்காலம் எழுதினா போதும். அந்த நோட்டு சொல்லும், நீங்க வேலையை விடலாமா வேண்டாமான்னு. நான் சொல்ல வேண்டியதில்லை, ரீல்ஸும் சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது, அப்பாவுக்கு மாசம் ஒரு தொகை. நிறையப் பேர் இதை மறந்துடறோம். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கிற அப்பாவோ அண்ணனோ நம்ம முதலீட்டை இலவசமா மேனேஜ் பண்றாங்க. மியூச்சுவல் ஃபண்ட் மேனேஜருக்கு வருஷாவருஷம் கட்டணம் கொடுக்கிறோம், வெயிலில் நிற்கிறவருக்கு நன்றி மட்டும் சொல்றோம். ஒரு தொகையைப் பேசி முடிவு பண்ணி, மாசாமாசம் அனுப்புங்க. அதை நோட்டில் கூலிக் கணக்கில் எழுதுங்க. வீட்டில் சண்டையும் குறையும், கணக்கும் நேராகும்.

இந்த மாவட்டத்திலேயே இதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-ல் இருந்து 'கடல் ஓசை 90.4' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காக இயங்குது. காற்று எப்படி, அலை எப்படி, வானிலை எச்சரிக்கை என்னன்னு சொல்லும். "கடலுக்குப் போனா கோடீஸ்வரன் ஆகலாம்" என்று அது சொல்றதில்லை. இன்னைக்குப் போகலாமா, வேண்டாமான்னு முடிவு பண்ண உதவுது. தொழில் பண்றவனுக்குத் தேவையான ஊடகம் அப்படித்தான் இருக்கும்.

இனி ஒரு விவசாய வீடியோ பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இவருக்குப் பின்னாடி எந்தக் கண்மாய் நிற்குது?' பதில் வீடியோவில் இருந்தா நல்ல வீடியோ. இல்லைன்னா ரசிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க.

உங்க கண்மாய் நிரம்பின அன்னைக்கு, நோட்டும் சரின்னு சொன்னா, தாராளமா ஊருக்குப் போங்க. முதல் பறிப்பில் ஒரு கிலோ குண்டு மிளகாய் நமக்கும் எடுத்து வைங்க, காசு கொடுத்தே வாங்கிக்கிறோம். உங்க நோட்டில் அதையும் வரவில் எழுதிடுங்க!

ஐந்து கணக்கையும் உங்க சம்பளத்துக்கு ஏத்த மாதிரி எப்படிப் போடுறதுன்னு சேனலில் விளக்கமா பேசுவோம். அதுவரைக்கும் ராஜினாமா கடிதம் டிராஃப்ட்லயே இருக்கட்டும்.